விற்பதற்கு அல்ல

திருச்சியில் புத்தூர் நால்ரோட்டிலிருந்து வயலூர் ரோடு பக்கம் நடந்தால் மாடிப்படி ஓரங்களிலும் மின்கம்பங்களிலும் ஆரி ஒர்க் வகுப்பு விளம்பரங்கள் தொங்கும். வகுப்பின் பெயர் மாறும். கீழே உள்ள வாசகம் மாறாது: வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். கையால் மணி கோத்து, தன் உடுப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொள்பவர்களைப் பற்றி ஊரில் நிலவும் எண்ணம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. கழுத்தோரம் மணி வைத்துத் தைத்த ரவிக்கையோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பேச்சுதான் காதில் விழும். "இதையெல்லாம் உட்கார்ந்து செய்யணுமா, என்.எஸ்.பி. ரோட்டுல ரெடிமேடாவே கிடைக்குதே?" என்பது ஒன்று. "இவ்வளவு நல்லா செய்றீங்களே அக்கா, ஆர்டர் எடுத்துச் செய்யலாமே?" என்பது மற்றொன்று. முன்னது குறை, பின்னது பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விலை இல்லாத உழைப்புக்கு மதிப்பும் இல்லை என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை தவறு.

முதலில் கணக்கு. அதிலிருந்து நழுவ எனக்கு விருப்பமில்லை. லைனிங் வைத்த பருத்தி ரவிக்கை ஒன்றின் கழுத்துக்கும் கைக்கும் சுகர் பீட்ஸும் கட் பீட்ஸும் கொஞ்சம் சமிக்கியும் வைத்துத் தைக்க, மாலையில் மட்டும் ஊசி பிடிப்பவருக்கு வாரக்கணக்கில் ஆகும். அத்தனை மணி நேரத்தையும் கூலியால் பெருக்கினால், கடையில் தொங்கும் ரவிக்கையின் விலையைத் தாண்டி எங்கோ போய்விடும். உண்மைதான். ஆனால் இந்தப் பெருக்கலை எல்லாருக்குமா போடுகிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிறவரிடம் ஒரு ரன்னுக்கு என்ன கூலி என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. மொட்டை மாடியில் புறா வளர்ப்பவரிடமும் கேட்பதில்லை. அவையெல்லாம் ரசனை. ஒரு பெண் கையில் ஊசி ஏறியதும் மட்டும் கூலிக் கணக்கு வந்துவிடுகிறது. வீட்டில் பெண் செலவிடும் நேரம் யாருக்காவது பயன்பட்டாக வேண்டும், சோறாகவோ சம்பளமாகவோ திரும்பி வந்தாக வேண்டும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். தனக்கென்று அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

பெண்களின் கைவேலைகளில் கோலம் மட்டும் இந்தக் கணக்குக்குத் தப்பியிருக்கிறது. மார்கழியில் காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் இருட்டு விலகும் முன்பே குனிந்து புள்ளி வைப்பவர்களைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் அது மிதிபட்டுப் போகும். ஸ்டிக்கர் கோலம் சில ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. என்றாலும் சிக்குக் கோலத்தின் இழை எந்தப் புள்ளியில் திரும்பும் என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்கும், அடுத்த வீட்டு மாமியிடமிருந்து மாடி வீட்டுப் பெண்ணுக்கும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் இதே ஊரில் உண்டு. செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒருகாலத்தில் குடிசைத் தொழிலாகப் பரவியிருந்தது. கடுகளவு கல்லின் முகங்களை விரல் நுனியின் உணர்விலேயே கணித்துச் சக்கரத்தில் வைத்தவர்கள் இருந்தார்கள். இயந்திரத்தில் தீட்டிய கற்கள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து இறங்கின. கூலி சரிந்தது, சக்கரங்கள் நின்றன. அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்த அநீதி தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே நான் காட்ட விரும்புவது இதைத்தான்: கூலியோடு மட்டும் கட்டிப்போட்ட திறமை, கூலி போகும்போது கூடவே போய்விடுகிறது. கோலத்துக்குச் சந்தை இல்லை. அதனால் சந்தையால் அதைக் கொல்லவும் முடியவில்லை. தையலும் மணி வேலையும் இந்த இரண்டு வழிகளில் எதில் போக வேண்டும்? கணினியில் இயங்கும் எம்பிராய்டரி இயந்திரம் ஆரி வேலையைப் போலவே ஏற்கெனவே தைத்துத் தள்ளுகிறது. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்பதை மட்டும் நம்பிக் கற்றுக்கொண்டவர், சம்பாத்தியம் நின்ற மறுநாள் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

சல்லிசாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு வருகிறேன். சல்லிசான விலை எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை வெளியூர் உதாரணத்தால் சொல்ல வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அந்தத் தண்ணீர் வயலுக்கு வரக் கூடாது என்று விவசாயிகளே போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகத்துக்கு மலிவாகச் சட்டை தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். கடைக்காரர் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இந்த ஆறும் இந்த உயிர்களும் சேரவில்லை. வீட்டில் தைப்பவரின் துணியும் எங்கோ சாயம் ஏறித்தான் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு உடுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை தைத்துப் பார்த்தவர், ஆஃபர் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக ஐந்து உடுப்பு அள்ளிக்கொண்டு வரமாட்டார். ஒரு காலர் உட்காருவதற்கு என்ன பாடு என்று அவர் கைக்குத் தெரியும். பழையதைப் பிரித்துத் தலையணை உறையாக்குவார், பிள்ளைக்குப் பாவாடையாக்குவார்.

மில் துணி மலிவு என்ற வாதத்தை இந்த நாடு முன்பும் கேட்டிருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். 1924 பெல்காம் காங்கிரஸில், உறுப்பினராக இருக்க மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதி வந்தது. இது வீண் உழைப்பு, மனத்தை மழுங்கடிக்கும் வேலை என்று பலர் எதிர்த்தார்கள். தாகூரே 1925இல் ராட்டை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார். எல்லாருக்கும் ஒரே வேலையைக் கடமையாகச் சுமத்தக் கூடாது என்ற தாகூரின் பக்கம்தான் நான். ஆனால் கூலிக்கு நூற்பதையும் கூலி கருதாமல் நூற்பதையும் பிரித்துப் பார்த்த காந்தியின் பார்வை இன்று ஊசிக்கும் பொருந்தும். ஒரே வேலைதான், செய்கிறவருக்கு அது ஆகும் விதம் இரண்டு.

அடுத்தது "ஆர்டர் எடுங்களேன்" என்னும் பாராட்டு. அன்போடு சொல்லப்படுவதால் இதை மறுப்பது கடினம். ஆனாலும் அதிகக் கேடு செய்வது இதுதான். ஆர்டர் எடுத்தால் என்ன நடக்கும் என்று ஆரி வேலை செய்து பிழைக்கும் எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள். முகூர்த்த மாதம் வந்தால் தூக்கம் போகும். வாட்ஸப்பில் ஒரு படம் வரும், இதே மாதிரி வேண்டும் என்று. போன வாரம் இன்னொருவர் அனுப்பிய அதே மயில், அதே யானை, அதே தாமரை. முதுகில் மணமகன் மணமகள் முகம் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதையும் செய்ய வேண்டும். பக்கத்துத் தெருவில் குறைத்துக் கேட்கிறார்கள் என்று பேரம் நடக்கும். பிழைப்புக்காக இதைச் செய்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் தரும் திட்டம் பல குடும்பங்களில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தையல் தொழில், அந்தத் தொழிலுக்கு நல்ல கூலி வேண்டும். வேறு வருமானம் உள்ளவரையும் அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, நீயும் விற்றால்தான் உன் கைக்கு மதிப்பு என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். அவர் விற்க இறங்கினால் நடக்கப்போவது இன்னொருவரின் கூலியைக் குறைப்பதுதான். அவசரம் இல்லாதவர் எப்போதும் குறைந்த விலைக்குக் கொடுக்க முடியும்.

விற்காதவருக்குக் கிடைப்பது பிரிக்கும் உரிமை. தைத்ததை முழுக்கப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். மணி வேலையில் கற்றுக்கொள்வது எல்லாம் அங்கேதான். மலிவான பாக்கெட்டில் ஒரு மணி தடித்திருக்கும், ஒன்று ஒல்லியாக இருக்கும், இன்னொன்றில் துளையே அடைத்திருக்கும். அப்படியே கோத்தால் வரிசை பல்லிளிக்கும். எனவே முதலில் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். மணியின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். பதினொன்றாம் எண் மணியைவிடப் பதினைந்தாம் எண் மணி பொடி. ஜப்பானிலிருந்து வரும் மியூகி, தோஹோ மணிகள் ஒரே சீராக இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். செக் நாட்டு மணிகளில் சற்று ஏற்ற இறக்கம் உண்டு, பூ வளைவுகளுக்கு அதுவே அழகு. உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள மணி கடையில் தகதகவென்று இருக்கும். திருச்சி வெயிலில், அக்கினி நட்சத்திரத்தில், கழுத்து வியர்வை பட்டுப் பட்டு அது கறுக்கும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும், தளர விட்டால் மணி தொங்கும். எங்கே நிறுத்துவது என்பதை எந்த வகுப்பும் சொல்லித் தர முடியாது. பிரித்துப் பிரித்துத் தைத்த விரல் தானாக நிற்கும். நாளைக்கு டெலிவரி என்று உட்கார்ந்திருப்பவரால் அப்படிப் பிரிக்க முடியாது. அந்த உரிமையை விலைக்கு விற்றுவிட்டுத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

உடுப்பிலும் இப்படித்தான். எஸ், எம், எல் என்று நம் உடம்பை மூன்று நான்கு எழுத்துக்குள் அடைக்கும் அளவுகள் நம்மை அளந்து உண்டானவை அல்ல. இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு முறை வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தைத் தொடங்கியதே சில ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவரைக்கும் தோள் இறங்கினாலும் இடுப்பு பிடித்தாலும் குறை நம் உடம்பில்தான் என்று நினைத்தோம். தமிழ்ப் பெண்களிடம் அளவுக்குத் தைக்கும் கடைசி உடுப்பாக மிஞ்சியது ரவிக்கை. அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு டெய்லரிடம் போவது இன்றும் நடக்கிறது. அதைத் தானே வெட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்: கைக்குழி வேண்டாத ஆழம் போய்விட்டால், மேல் அலமாரியில் டப்பா எடுக்கக் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலேறும். கிராஸ் கட்டில் துணியைச் சாய்த்து வெட்டுவது உடம்போடு வளைந்துகொடுப்பதற்கு. ஒரு தோள் மற்றதைவிடச் சற்று இறங்கியிருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு. உடம்பின் மேல் வெறுப்பை வளர்க்கும் விளம்பரங்களுக்கு நடுவே, தன் உடம்பின் உண்மையான அளவைக் கூச்சமின்றித் தெரிந்துகொண்டு அதற்கேற்பத் துணியை மாற்றுவது சின்ன விஷயமே அல்ல.

கைவினைஞர்களின் சோற்றில் மண் போடுகிறீர்களே, அவர்களிடம் வாங்கலாமே என்றும் கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி, நடப்பு வேறு. தேவராயநேரியில் வாழும் நரிக்குறவர் குடும்பங்கள் மணி கோத்துப் பிழைப்பவர்கள். சமயபுரம் கோயில் வாசலிலும் பேருந்து நிலையங்களிலும் விரிப்பு விரித்துப் பாசிமணி விற்கும் இந்தச் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர் யார்? மணி கோத்துப் பார்க்காதவர். துளையில் ஊசி போகாமல் ஒரு மாலை முழுக்கத் திணறியவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவார், கூடவே அந்த முடிச்சை எப்படிப் போட்டீர்கள் அம்மா என்றும் கேட்பார். நம் கடற்கரையின் மணிகளுக்கு ஒரு நெடிய சரித்திரம் உண்டு. அரிக்கமேட்டில் இழுத்து வெட்டிய பொடிக் கண்ணாடி மணிகளும் அதே வகை மணிகளும் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. அதே முறையில் கண்ணாடி மணி இழுக்கும் கைகள் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை வந்திருக்கின்றன. இதைக் காதில் வாங்கிக்கொள்ள ஒரு கூட்டம் வேண்டுமென்றால், அது கோக்கிறவர்களின் கூட்டமாகத்தான் இருக்கும்.

நெசவுக்கும் இதே நிலைதான். புத்தூரை ஒட்டியது உறையூர். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளுஸில் அர்காரு என்று வரும் ஊர் உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த ஊரின் பெயராலேயே ஒரு மெல்லிய துணி கடல் கடந்து அழைக்கப்பட்டது. 1965 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் தொட்டி கிடைத்தது. அந்த உறையூரில் இன்று தறிச் சத்தம் குறைந்துவிட்டது. சில வகைத் துணிகளை விசைத்தறியில் நெய்வதைத் தடுக்கக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985இலேயே வந்தது. முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி, பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றிலும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் மோசடி நடக்கிறது, ஏனென்றால் வாங்குபவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தைக்கிறவர் துணியைத் திருப்பிப் பார்ப்பார். கரையோரம் தறியில் துணியை விறைப்பாகப் பிடித்த ஊசித் துளைகள் உண்டா, ஊடை இழை எங்காவது சற்றே தடித்து ஓடுகிறதா, கசக்கினால் எப்படி மீள்கிறது என்று பார்ப்பார். நெசவாளிக்கு அனுதாபம் சோறு போடாது. தன் வேலையை அடையாளம் தெரிந்து காசு கொடுக்கும் ஆள்தான் அவருக்கு வேண்டும்.

ஊசியும் நூலும் பெண்ணை மூலையில் உட்கார வைத்த கருவிகள், அவற்றை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கும் தோழிகளும் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தையல் பீரியட் வைத்து, அந்த நேரத்தில் பையன்களை விளையாட அனுப்பிய பள்ளிகள் இருந்தன. ஆனால் ஊசியின் கதை அந்த ஒரு மூலையோடு முடியவில்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னும் வேலை, அடிமைத்தளையிலிருந்து வெளிவர முயன்ற பெண்களின் கையில் முதல் முறையாகச் சொந்தக் காசைக் கொடுத்தது. அவர் மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த தென் திருவிதாங்கூரில், தைத்த குப்பாயம் ஒன்றை மார்பில் அணிந்ததற்காகப் பெண்களின் ஆடையைத் தெருவில் வைத்துக் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859 ஜூலையில்தான் மன்னரின் பிரகடனம் வந்தது. அதிலும் மேல்சாதியார் போல அணியக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. எதை உடுத்துவது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமைக்காக இந்த மண்ணில் பெண்கள் அடிவாங்கியிருக்கிறார்கள். தன் உடுப்பைத் தானே வடிவமைத்துத் தைக்கும் பெண்ணை அடங்கியவள் என்று சொல்ல அந்த வரலாறு இடம் தராது. அன்றைய தையல் பீரியடில் தவறு ஊசியிடம் இல்லை, கட்டாயத்திடம் இருந்தது. அந்தப் பீரியடில் பையன்களையும் உட்கார வைத்திருக்க வேண்டும். ஊரின் பழைய டெய்லர் கடைகளில் மிஷின் மிதிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூலிக்கு என்றால் ஆண் கையில் இயல்பாகும் ஊசி, வீட்டில் மட்டும் ஏன் பெண்ணுக்கென்று ஆக வேண்டும்?

கடைசியாக ஒன்று, இருப்பதிலேயே கனமானது. இதற்கெல்லாம் நேரம் உள்ளவர்கள்தானே செய்ய முடியும் என்பது. ஆம். என்.எஸ்.பி. ரோட்டில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டி மடித்து வைக்கும் பெண்ணுக்கு இரவில் ஊசி பிடிக்கத் தெம்பு இருக்காது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தமே தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. மணி கோப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், நிறைய வேலை இருக்கிறது என்பேன். மாலை நேரம் சிலருக்கே வாய்க்கிறது என்றால், வாய்த்தவர் அதற்காகக் கூசிப்போய் அதையும் காசாக்கிக் காட்ட வேண்டியதில்லை. வாய்க்காதவருக்கும் அது வேண்டும் என்று சேர்ந்து கேட்க வேண்டும். அந்தக் கடைப் பெண் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பட்டும். அதன் பிறகு அவர் தைப்பாரா, தூங்குவாரா, பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பாரா என்பது அவர் இஷ்டம். அதற்கும் யாரும் கூலி கணக்கிட வேண்டாம்.